ஊர்க்குறி

மைன்ஸ் நகரில், மூன்றாம் மாடியில்,
ஜன்னல் இல்லாத மேசை என்னுடையது.
எண்களுக்குப் பட்டா எழுதுகிறவள் நான்.
முதல் ஐந்து இலக்கம் ஊர்.
மிச்சம் வீடு.

வேலைக்கு வந்த நாளில் எண் என்றால் செப்புக் கம்பி.
கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்தால்
ஒரு சுவர் வரும், சுவரில் ஒரு துளை,
துளைக்கு அந்தப் பக்கம்
உருளைக்கிழங்கு உரித்த ஈரக் கையோடு
யாரோ 'ஹலோ' என்பார்கள்.

பிறகு எண்ணுக்குக் கால் முளைத்தது.
கீல் நகரத்துக் குறியோடு
ஒரு பல் மருத்துவர் மயோர்காவில் வெயில் காய்கிறார்.
முனிச் எண் ஒன்று
சோஃபியாவில் கம்பளி விற்கிறது.
அபராதக் கடிதம் அனுப்புகிறோம்,
அதுவும் இணையத்தில்தான் போகிறது.

ஊழியர் நாலே பேர் உள்ள நிறுவனம் ஒன்று
ஓஸ்டர்சாண்ட் தீவுக்கு எண் கேட்டது.
தீவில் மனிதர் நூற்றுப் பன்னிரண்டு. ஆடு அதைவிட அதிகம்.
'ஆடுகளுக்கா?' என்று ஓரத்தில் எழுதினேன்,
அழித்தேன்,
ஆயிரம் எண்ணுக்குக் கையெழுத்திட்டேன்.
ஆயிரத்துக்குக் குறைத்து வெட்டித் தர
எங்களிடம் கத்தி இல்லை.
அதில் மூன்று விற்றது. மற்றவை
வேலி போட்ட புறம்போக்கு.

அந்த மூன்றில் ஒன்று மொம்மே பிரோடர்சனுடையது.
தீவின் வீட்டை விற்றுவிட்டு
லைப்சிக்கில் ஐந்தாம் மாடிக்குப் போனவர்
எண்ணை மட்டும் விற்கவில்லை.
முகவரி கேட்ட கட்டத்தில்
பழைய வீட்டையே எழுதினார்.
ஒரு வரிப் பொய்,
சுத்தமான கையெழுத்தில்.

நவம்பர் இரவு. நெஞ்சை ஏதோ பிசைந்தது.
அலமாரியின் வெள்ளைப் பெட்டி வழியே
நூற்றுப் பன்னிரண்டை அழுத்தினார்.
(ஆம், தீவின் தலைக்கணக்கும் அதுவே.
நான் சிரித்த இடம் அது, வெகு முன்னால்.)
பெட்டிக்கு லைப்சிக் தெரியாது.
அழைப்பு வடகடற்கரையில் போய் ஒலித்தது.
'எங்கே இருக்கிறீர்கள்?'
'வீட்டில்' என்றார். அதற்குமேல் குரல் இல்லை.
திரையில் முகவரி பளிச்சென்று இருந்தது.

மூன்று பேர் படகில் போனார்கள்.
அலை படகின் கண்ணாடியை உடைத்தது.
கதவை இவர்கள் உடைத்தார்கள்.
கோடையில் மட்டும் வருகிறவர்களின் வீடு:
நாற்காலிகள் மேல் வெள்ளைத் துணி,
ஜாடியில் பிளாஸ்டிக் பூ,
மூச்சு விட ஒருவருமில்லை.

லைப்சிக்கில், நாலாம் மாடியில்,
துணி தைத்துக்கொண்டிருந்த திருமதி துய்
தலைக்குமேல் ஏதோ விழக் கேட்டு
ஊசியைப் பல்லில் கடித்தபடியே படியேறினார்.
மொம்மே பிழைத்தார்.
இடது கை மட்டும் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

கோப்பு என்னிடம் வந்தது.
விளக்கம் கேட்பது விதி. கேட்டேன்.
'என்னிடம் படகு எஞ்சின் வாங்கிய ஒருவன்
பாதிப் பணம்தான் தந்தான்.
தொண்ணூற்றெட்டில்.
அவனிடம் இருப்பது இந்த எண் ஒன்றே.'
'இத்தனை வருடம் கழித்துக் கூப்பிடுவானா?'
'நீங்கள் எண் கொடுக்கிறவர்,' என்றார்,
'காத்திருப்பது என்னுடைய இலாகா.'

எண்ணைப் பறித்தேன்.
வேறென்ன செய்வது?
அடுத்த முறை படகே கவிழலாம்.
அவருக்கு லைப்சிக் குறியில் புது எண்,
பழையதற்கு ஆறு மாதம் கட்டாய ஓய்வு.

ஓய்வில் கிடக்கும் எண்களை
யார் யார் தட்டினார்கள் என்று ஒரு கணக்கு வரும்.
பெரும்பாலும் பூஜ்ஜியம்.
யாரும் படிப்பதில்லை, நானும்தான்.
மார்ச் மாதத் தாளில் அந்த எண்ணுக்கு நேரே
ஒன்று.
பதினோரு நொடி.

எஞ்சின் பணமோ,
காப்பீடு விற்கிறவனோ.
'இந்த எண் உபயோகத்தில் இல்லை' என்கிற
எங்கள் பெண் குரலுக்கு
ஐந்து நொடி போதும்.
மிச்ச ஆறு நொடி
அவன் எதற்காகக் காதில் வைத்திருந்தான்?